ஓம் சொல்லப் பழகுதல்

1

போன மாசி மாதம் முழுவதும், வேலை முடிந்து வந்த பிறகு, நான் ஒரு விமானக் கம்பனியின் அதிகாரியாக இருந்தேன். அலுவலகம் எங்கள் வீட்டுக் குசினி. நான் லண்டனில் பஸ் ஓட்டுகிறவன். வீட்டுக்கு வந்ததும் அந்தச் சட்டையைக் கழற்ற மகள் ஆரணி விடமாட்டாள். சீருடையில் இருந்தால்தான் என் முகத்தில் கொஞ்சமாவது அதிகாரக் களை தெரிகிறதாம். மேசைக்கு ஒரு பக்கம் நானும் மனைவி வதனியும், மறுபக்கம் ஆரணி. கேள்விகள் அவளுடைய கைத்தொலைபேசியில் இருந்தன. நான் வாசிக்க வேண்டும், அவள் பதில் சொல்ல வேண்டும், வதனி சிரிக்காமல் இருக்க வேண்டும். மூன்றிலும் கடினமானது வதனியின் வேலைதான். இத்தனை வருடம் இந்த நாட்டில் சனங்களை ஏற்றி இறக்கியும் என் ஆங்கிலம் இன்னும் எங்கள் ஊர்ப் பண்டத்தரிப்புச் சந்தியைத் தாண்டவில்லை.

ஆரணி விமானி. அதாவது விமானம் ஓட்டுவதற்கான பத்திரங்கள் எல்லாம் கையில் உள்ளவள், ஓட்டுவதற்கு விமானம் இல்லாதவள். பயிற்சி முடித்த பிறகு எத்தனையோ கம்பனிகளுக்கு எழுதினாள். பாதிப்பேர் பதில் போடவில்லை, மீதிப்பேர் பதில் போட்டு இல்லை என்றார்கள். கடைசியில் ஒன்று நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டது. இதுவும் தவறினால் தன்னுடைய அனுமதிப்பத்திரத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்ட வேண்டியதுதான் என்று சொன்னாள். பகிடியாகத்தான் சொன்னாள். ஆனால் அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

கேள்விகளில் ஒன்றை இன்னும் மறக்கவில்லை. கப்டன் பிழை விடுகிறார். ஓடுபாதை கிட்ட வந்துவிட்டது, வேகம் கூடிப்போய் இருக்கிறது, அவரோ இறக்கியே தீருவேன் என்று நிற்கிறார். நீங்கள் பக்கத்தில் இருக்கும் துணை விமானி. என்ன செய்வீர்கள்? ஆரணி வாயைத் திறப்பதற்குள் நானே பதில் சொல்லிவிட்டேன். கப்டன் பெரியவர், அனுபவசாலி, அவர் பாடு அவருக்குத் தெரியும், பேசாமல் இருக்கவேண்டியதுதான் என்றேன்.

"அப்பா, அப்பிடிப் பேசாமல் இருந்துதான் கனபேர் செத்தவை" என்றாள் ஆரணி.

"பேசிச் செத்த ஆக்களைத்தான் எனக்குத் தெரியும்" என்றேன்.

சிரிப்பார்கள் என்று நினைத்துத்தான் சொன்னேன். இருவரும் சிரிக்கவில்லை. வதனி எழும்பிப்போய் அடுப்பைப் பார்த்தாள். ஆரணி எனக்குப் பாடம் எடுக்கத் தொடங்கினாள். எந்தக் கேள்விக்கும் சுருக்கமாக, உண்மையாக, உடனே பதில் சொல்ல வேண்டுமாம். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே இடைவெளி விட்டால் எதையோ ஒளிக்கிறோம் என்று எடுத்துக்கொள்வார்களாம். அந்த மூன்று சொல்லையும் ஒரு துண்டில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியும் வைத்தாள்.

2

விமான நிலையத்துக்குள் வேலை செய்வதென்றால் கடந்த ஐந்து வருடம் எங்கே இருந்தாய், யாரோடு இருந்தாய், என்ன செய்தாய் என்று ஓட்டையில்லாமல் கணக்குக் காட்ட வேண்டும். நல்ல காலம் என்னைக் கேட்கவில்லை. நான் இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்த வழியை ஒழுங்காக எழுதினால் அதை விசாரிக்கவென்றே ஒரு கந்தோர் திறக்க வேண்டிவரும்.

ஆரணியின் கணக்கில் ஒரேயொரு ஓட்டைதான். இரண்டு வருடத்துக்கு முன்பு, வேலை கிடைக்காமல் வீட்டில் எல்லாரோடும் எரிந்து விழுந்துகொண்டிருந்த காலத்தில், திடீரென்று யாழ்ப்பாணம் போகப்போகிறேன் என்றாள். என் அக்கா பண்டத்தரிப்பில் தனியாக இருக்கிறா. அந்த மாமி வீட்டில் ஏழெட்டு மாதம் இருந்தாள். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தாள். பின்னேரங்களில் அக்காவின் பழைய சைக்கிளை எடுத்துக்கொண்டு திரிந்தாள். போகும்போது நாங்கள் தமிழில் கேட்பதற்கெல்லாம் ஆங்கிலத்தில் பதில் சொன்னவள், திரும்பி வரும்போது விமான நிலையத்தில் வைத்தே "ஓம் அப்பா, களைச்சுப்போனன்" என்றாள். வதனி அங்கேயே அழுதுவிட்டாள். எங்களுக்குப் பெரிய சந்தோஷமாக இருந்த அந்த ஏழெட்டு மாதம்தான் விமானக் கம்பனிக்காரருக்கு ஓட்டையாகத் தெரிந்தது.

அதை அடைக்க இலங்கைப் பொலிசின் நற்சான்றிதழ் வேண்டும் என்றார்கள். ஆரணி இணையத்தில் விண்ணப்பித்தாள். பாஸ்போர்ட்டின் பிரதி, படம், அக்கா வீட்டு முகவரி எல்லாம் கொடுத்தாள். அங்கே உள்ள கணினியில் பெயரைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தந்துவிடுவார்கள் என்றுதான் நாங்கள் நினைத்தோம். ஆட்கள் வீடு தேடிப்போய் விசாரிப்பார்கள் என்பது எங்கள் மூன்று பேர் மூளைக்கும் எட்டவில்லை.

அக்காவுக்கு ஒரு சொல் சொல்லிவைத்திருக்கலாம். அதற்கு வதனி விடவில்லை. வேலை கையில் கிடைக்கும்வரை ஒருவருக்கும் மூச்சு விடக்கூடாது என்பது அவளுடைய சட்டம். போனமுறை ஒரு கம்பனிக்கு எழுதிவிட்டுக் காத்திருந்தபோது நான் வாய் திறந்து நாலு பேருக்குச் சொன்னதால்தான் அது தவறிப்போனது என்று இன்றைக்கும் நம்புகிறாள்.

"நாவூறு பொல்லாதது. உங்கடை அக்கா எண்டாலும் இப்ப வேண்டாம்" என்றாள்.

சரி என்றேன். ஆட்களுக்கு எதிராக மொட்டைப் பெட்டிசம் எழுதுகிற சனத்துக்குப் பயப்படாத நானும் நாவூறுக்குப் பயந்தவன்தான்.

3

அக்காவின் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

வீடு ஒரு ஒடுங்கிய ஒழுங்கையின் கடைசியில் இருக்கிறது. பலாலி விமான நிலையத்துக்கு வரும் விமானம் சில நாட்களில் அந்தப் பக்கத்தால் தாழ்ந்து போகும். ஆரணி அங்கே இருந்தபோது அந்தச் சத்தம் கேட்டால் முற்றத்துக்கு ஓடி வருவாளாம். அக்கா அதே சத்தத்துக்கு வீட்டுக்குள் ஓடுவாவாம். இப்போது வருவது சென்னையிலிருந்து ஆட்களை ஏற்றி வரும் சின்ன விமானம்தான் என்று அக்காவுக்குத் தெரியும். தெரிந்தாலும் கால் கேட்காது. எனக்கும் அப்படித்தான். குண்டு போடும் பொம்மரின் சத்தத்தையும் ஹெலியின் சத்தத்தையும் பிரித்தறிந்த பிறகுதான் நான் பெருக்கல் வாய்ப்பாடு படித்தேன்.

அக்காவின் புருஷன், என் அத்தான், கூட்டுறவுச் சங்கக் கடையில் மனேச்சராக இருந்தவர். அதிர்ந்து கதைக்காத மனிதர். சண்டைக் காலத்தில் ஒரு காலை இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். அக்கா முற்றத்தில் ஒடியலுக்குப் பனங்கிழங்கு காயப்போட்டுக்கொண்டிருந்தா. வந்தவர்கள் மரியாதையாகத்தான் கேட்டார்களாம், இது மனேச்சர் வீடோ, அவர் நிற்கிறாரோ என்று. அக்கா ஓம் என்றா. கிணற்றடியில் நிற்கிறார், இருங்கோ கூப்பிடுகிறேன் என்று சொல்லி, அவர்கள் இருக்க விறாந்தையில் இரண்டு கதிரையும் எடுத்துப் போட்டா. தானே போய்க் கூப்பிட்டா. அத்தான் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தார். ஐந்து நிமிட அலுவல் என்றார்கள். ஈரத் துவாயை அக்காவின் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அவ்வளவுதான்.

அக்கா இன்றைக்கும் பொட்டு வைக்கிறா. அத்தானுக்குத் திவசம் கிடையாது, ஏனென்றால் திதி தெரியாது. காணாமல் போனவர்களின் ஆட்கள் தெருவோரக் கொட்டிலில் படங்களோடு இருப்பார்களே, அங்கே அக்காவும் போய் இருப்பா. ஆரணி அங்கே இருந்த காலத்தில் அவளும் துணைக்குப் போயிருக்கிறாள். அங்கே புலனாய்வுக்காரர் ஆட்களைப் படம் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு நான் லண்டனிலிருந்து சத்தம் போட்டேன். இரண்டு பேரும் கேட்கவில்லை.

அத்தான் போன நாளுக்குப் பிறகு அந்த ஒழுங்கையில் முன்பின் தெரியாத ஆளுக்கு ஒருவரும் ஓம் என்று சொல்வதில்லை. யாரும் கூட்டம் கூடித் தீர்மானிக்கவில்லை, தானாகவே அப்படி ஆகிவிட்டது. இன்னார் வீடு எது என்று கேட்டால் தெரியாது. இன்னார் இருக்கிறாரோ என்றால் அப்படி ஒருவர் இல்லை. புதிதாக ஒரு தபால்காரர் வந்த வருடம் நான் அக்காவுக்கு அனுப்பிய பொதி ஒன்று, முகவரியில் அப்படி ஒருவரும் இல்லை என்ற முத்திரையோடு லண்டனுக்குத் திரும்பி வந்தது. எதிர்வீட்டுக்காரர் அக்காவை இல்லையென்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அக்கா வீட்டுக்குள் புட்டு அவித்துக்கொண்டிருந்தாவாம். இதைச் சொல்லிச் சொல்லி நாங்கள் பல நாள் சிரித்திருக்கிறோம்.

4

நேர்முகத் தேர்வு நன்றாக நடந்தது. கப்டன் பிழை விடும் கேள்வி உண்மையிலேயே வந்ததாம். ஆரணி இடைவெளி விடாமல் பதில் சொன்னாளாம். அடுத்தது பாவனைப் பொறியில் விமானம் ஓட்டிக் காட்டும் சோதனை, அது பத்து நாள் கழித்து. தரையில் நிற்கும் ஒரு பெட்டிக்குள் ஏற்றி, இயந்திரத்தை நிறுத்தி, புகையைக் காட்டி, ஆள் பதறுகிறதா என்று பார்ப்பார்களாம்.

அந்த இடைவெளியில்தான் அக்காவின் அழைப்பு வந்தது. நான் டிப்போவில் தேத்தண்ணியோடு இருந்தேன். அக்கா வழக்கமாக எடுக்கும் நேரம் இல்லை.

"தம்பி, பிள்ளை எங்கை?" என்றா. சுகம் விசாரிக்கவில்லை.

வீட்டில்தான் என்றேன்.

"வெளியிலை விடாதை. ரெண்டு பேர் வந்தவங்கள்."

தேத்தண்ணியைக் கீழே வைத்தேன். அக்கா தாழ்ந்த குரலில் எல்லாவற்றையும் சொன்னா. மோட்டார் சைக்கிள். சீருடை இல்லை. ஒருவன் எங்கள் தமிழ் கதைத்தான், மற்றவன் கதைக்கவே இல்லை, வளவைச் சுற்றிப் பார்த்துக்கொண்டு நின்றான். போனில் ஆரணியின் படத்தைக் காட்டி, இந்தப் பிள்ளை இங்கே இருந்ததோ என்று கேட்டார்கள்.

"அப்பிடி ஒரு பிள்ளை இஞ்சை இல்லை, எந்தக் காலத்திலையும் இருந்ததும் இல்லை எண்டு சொல்லிப்போட்டன். முன்வீட்டிலையும் போய்க் கேட்டவங்கள். கடையிலையும் கேட்டவங்கள். ஒருத்தரும் சொல்லேல்லை, தம்பி. ஒரு சனம் வாய் திறக்கேல்லை."

அந்தக் கடைசி வார்த்தைகளில் ஒரு பெருமை இருந்தது. அவர்கள் போனதும் ஆரணி ஓடிய சைக்கிளை மாட்டுக்கொட்டிலில் சாக்குப் போட்டு மூடிவிட்டாவாம். பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு ஆரணி நிற்கும் படத்தைச் சுவரிலிருந்து கழற்றி, அவள் விட்டுவிட்டு வந்த பாடக் கொப்பிகளோடு சேர்த்து எரித்தும் விட்டாவாம்.

"நல்ல வேலை செய்தியள், அக்கா" என்றேன்.

உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். அன்று பின்னேரம் பஸ் ஓட்டும்போது இரண்டு தரிப்பிடத்தில் நிற்பாட்ட மறந்துபோனேன். அந்தத் தெருவோரக் கொட்டிலில் இருந்தபோது எடுத்த படமாக இருக்குமோ, பலாலி வேலியோரம் விமானத்தைப் படம் எடுத்துத் திரிந்தாளே அதுவாக இருக்குமோ, முகநூலில் எதையாவது போட்டுத் தொலைத்தாளோ என்று என் தலை ஓடிக்கொண்டே இருந்தது. சான்றிதழ் விண்ணப்பம் மட்டும் அந்த ஓட்டத்தில் வரவே இல்லை. அது இந்த நாட்டுக் காரியம், பகலில் கணினிக்கு முன்னால் இருந்து செய்த காரியம். மோட்டார் சைக்கிளில் வந்த இரண்டு பேர் வேறு உலகம். இரண்டையும் சேர்த்துப் பார்க்க என் மூளைக்குப் பழக்கமில்லை.

வதனியிடம் சொன்னேன். அவள் முதலில் குசினிக் கதவைச் சாத்தினாள்.

"சோதினை முடியுமட்டும் பிள்ளைக்கு ஒண்டும் தெரியக்கூடாது" என்றாள்.

இது எங்கள் ஆட்களின் இரத்தத்தில் ஊறிய பழக்கம். பிள்ளைக்குச் சோதினை என்றால் வீட்டில் சாவு விழுந்தாலும் முடிந்த பிறகுதான் சொல்வோம். என் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்ததை எனக்கும் அப்படித்தான் ஒளித்தார்கள். நாங்களும் ஒளித்தோம். அந்தப் பத்து நாளும் நான் சீருடையோடு இருந்து கேள்விகளை வாசித்தேன். வாசித்து முடித்ததும் முன்யன்னல் சீலையை விலக்கித் தெருவில் நிற்கும் கார்களைப் பார்த்தேன். ஆரணி கேட்டால் வேலைக்களைப்பு என்றேன். அவள் பஸ்சில் போகிறேன் என்றால் நானே காரில் கொண்டுபோய் விட்டேன்.

5

பெட்டிச் சோதனையிலும் ஆரணி சித்தியடைந்தாள். எங்கள் மூன்று பேருக்கும் கோயிலுக்குப் போய் வரக்கூட நேரம் கிடைக்கவில்லை, அதற்குள் கொழும்பிலிருந்து மின்னஞ்சல் வந்தது. குறிப்பிட்ட முகவரியில் விசாரித்ததில் விண்ணப்பதாரர் அங்கே வசித்ததாக உறுதிப்படுத்த முடியவில்லை, ஆகவே சான்றிதழ் வழங்க இயலாது. கம்பனிக்காரர் அந்த மாத முடிவு வரை பார்ப்பதாகச் சொன்னார்கள். சான்றிதழ் வராவிட்டால் பயிற்சி வகுப்பில் அவளுடைய இடம் வேறொருவருக்குப் போகும்.

ஆரணி அதை மூன்று நான்கு தரம் வாசித்தாள்.

"நான் அங்கை இருந்தனான்தானே, அப்பா?" என்று கேட்டாள். தனக்கே சந்தேகம் வந்ததுபோலக் கேட்டாள்.

வதனி என்னைப் பார்த்தாள். நான் மேசையைப் பார்த்தேன். அந்தப் பார்வையிலேயே பிள்ளைக்கு ஏதோ விளங்கிவிட்டது. பிறகு எல்லாவற்றையும் சொன்னோம். இரண்டு பேர் வந்ததை, அக்கா இல்லையென்றதை, ஒழுங்கை முழுவதும் இல்லையென்றதை, நாங்கள் ஒளித்ததை.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. "எனக்கு ஒரு சொல் சொல்லியிருந்தால் அண்டைக்கே விளங்கியிருக்கும்" என்று மட்டும் சொன்னாள். அது உண்மை. அவளுக்கு ஒரு நிமிடம் போதும். அவளுக்கு இரண்டும் ஒரே உலகம்.

கத்தியது நான்தான், அதுவும் அக்காவை. அக்கா அங்கே இல்லாதது வசதியாகப் போய்விட்டது. எத்தனை வருடமாகிறது, இன்னும் படலைக் கதவடியில் நிற்கிறவன் எல்லாம் பிடித்துக்கொண்டு போக வந்தவனோ, கேட்டால் கேட்டதற்குப் பதில் சொல்லத் தெரியாதோ, படித்த மனிசி ஒரு பிள்ளையின் சீவியத்தை இப்படிக் கெடுக்கலாமோ என்று குசினிக்குள் நடந்து நடந்து கத்தினேன். நல்ல வேலை செய்தீர்கள் என்று சொன்ன வாயும் இதே வாய்தான். வதனி அதை எனக்கு நினைவுபடுத்தினாள்.

மேன்முறையீடு செய்யலாம் என்றிருந்தது. செய்தோம். திரும்பவும் விசாரிப்பார்கள் என்று பதில் வந்தது. அதாவது இரண்டு பேர் திரும்பவும் அந்தப் படலைக்கு வருவார்கள். இந்தமுறை அக்கா ஓம் என்று சொல்ல வேண்டும்.

6

அக்காவுக்கு நான்தான் சொன்னேன். எதிர்ப்பக்கத்தில் காகம் கத்துவது கேட்டது.

"அப்ப நான்தானோ பிள்ளைக்குக் கெடுத்துப்போட்டன்?" என்றா. பிறகு, "திரும்பவும் வருவாங்களோ, தம்பி?" என்றா.

ஆரணி தொலைபேசியை வாங்கிக்கொண்டாள். அன்றிலிருந்து எங்கள் குசினியில் வேறொரு நேர்முகத் தேர்வுக்கான ஆயத்தம் தொடங்கியது. இந்தமுறை ஆரணி அதிகாரி, அக்கா பரீட்சார்த்தி. வீடியோவில் அக்கா விறாந்தைக் கட்டில் இருப்பா, பின்னால் கிணற்றுக் கட்டும் வாழைகளும் தெரியும்.

"மாமி, இப்ப நான்தான் அந்த ஆள். படலையடியிலை நிக்கிறன். ஆரணி எண்டு ஒரு பிள்ளை இஞ்சை இருந்ததோ?"

"எந்த ஆரணி?" என்பா அக்கா. பகிடிக்கு இல்லை. அவவின் முகம் அந்தக் கேள்வி வந்ததும் கதவு சாத்திய வீடு மாதிரி ஆகிவிடும்.

வேறு எதைக் கேட்டாலும் அக்கா சொல்லுவா. ஆரணி எப்போது வந்தாள், எந்தப் பள்ளிக்கூடம், எந்த அறையில் படுத்தாள், மீன் குழம்புக்கு எத்தனை தரம் தண்ணி குடித்தாள் என்பது வரைக்கும் சொல்லுவா. அந்த ஒரு கேள்விக்கு மட்டும் ஓம் வராது. கண் தானாகக் கிணற்றடிப் பக்கம் போகும். "சுருக்கமா, உண்மையை, உடனை" என்று ஆரணி சொல்லிக் கொடுப்பாள். அக்கா தலையை ஆட்டுவா. திரும்பக் கேட்டால் திரும்பவும் "எந்த ஆரணி?" தான்.

ஒருநாள் ஆரணிக்குப் பொறுமை போய்விட்டது. நாட்கள் போய்க்கொண்டிருந்தன, அவளும் பாவம்தானே. கொஞ்சம் குரலை உயர்த்தி, "மாமி, இடைவெளி விடாதையுங்கோ. கேட்ட உடனை ஓம் எண்டு சொன்னால் காரியம் முடிஞ்சுது" என்றாள்.

அக்கா அவளைப் பார்த்தா.

"அண்டைக்கு நான் உடனைதான் சொன்னனான், பிள்ளை" என்றா. "ஒரு இடைவெளியும் விடேல்லை."

ஆரணி தொலைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்தாள். அவள் அழுததை நான் கடைசியாக எப்போது பார்த்தேன் என்று நினைவில்லை. விமானி வேலை வேண்டாம், மாமியை இனிமேல் கேட்கவேண்டாம் என்று சொன்னாள். பிள்ளையின் எதிர்காலமா, அக்காவின் நெஞ்சா என்று தராசில் வைக்க எங்களால் முடியவில்லை.

அடுத்தநாள் காலையில் அக்காதான் எடுத்தா. சேலை மாற்றி, தலை இழுத்துப் பின்னி, பொட்டு வைத்து, ஒரு கலியாண வீட்டுக்குப் போகிற மாதிரி விறாந்தையில் இருந்தா.

"கேள் பிள்ளை" என்றா.

ஆரணி கேட்டாள். அக்காவின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை, ஆனால் உதடு ஓம் என்றது.

7

அவர்கள் வந்த நாளில் நான் பஸ்சில் இருந்தேன். இறங்கி வந்து பார்த்தால் அக்காவின் குரற்பதிவு கிடந்தது. மூச்சு வாங்க வாங்கப் பேசியிருந்தா.

"தம்பி, வந்தவங்கள். ஓம் எண்டு சொல்லிப்போட்டன். இருந்தவள், என்ரை மருமகள், இஞ்சைதான் இருந்தவள் எண்டு சொல்லிப்போட்டன். எழுதிக்கொண்டு போறாங்கள். கதிரை குடுக்கேல்லை. பிள்ளையை ரெண்டு மூண்டு நாளைக்கு வெளியிலை விடாதையுங்கோ."

ஆரணியிடம் போட்டுக் காட்டினேன். மாமிக்கு எடுத்து, இது வெறும் கடதாசி அலுவல், எனக்கு ஒன்றும் நடக்காது, பயப்படாதையுங்கோ என்று விளங்கப்படுத்தினாள். அக்கா எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்றா. ஆனால் அன்றைக்கு இருட்டும்வரை படலையடியிலேயே நின்றாவாம் என்று முன்வீட்டுக்காரர் பிறகு சொன்னார். அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் எடுக்கிறா. சுகம் கேட்பதில்லை. பிள்ளை வீட்டில் நிற்கிறாளோ என்று கேட்பா. ஆரணியின் குரல் ஒருதரம் கேட்டால் போதும், வைத்துவிடுவா.

சான்றிதழ் வந்தது. மாதம் முடிவதற்கு முன்பே வந்தது. கம்பனிக்காரர் வாழ்த்துச் சொல்லி எழுதினார்கள். வதனி அப்போதுதான் ஊருக்கெல்லாம் சொல்ல அனுமதி தந்தாள். சொந்தக்காரர் ஒவ்வொருவராக எடுத்துப் பாராட்டினார்கள். நான் சிரித்துக் கதைத்தேன், நன்றி சொன்னேன். ஆனாலும் எனக்குள் எதுவோ அமரவில்லை. அக்கா ஓம் என்று சொன்ன குரல் காதுக்குள் இருந்தது. ஆரணி வெளியே போய்வரப் பிந்தினால் யன்னலடிக்குப் போனேன். பயிற்சி தொடங்க ஒரு கிழமை இருந்தது. அதற்குள் சீருடை வீட்டுக்கு வரும், ஆள் நின்று கையெழுத்து வைத்து வாங்கவேண்டும் என்று ஆரணி சொன்னாள். சொன்னது காதில் விழுந்தது. தலைக்குள் போகவில்லை போலிருக்கிறது.

8

நேற்று எனக்கு ஓய்வு நாள். வதனி வேலைக்குப் போய்விட்டாள். ஆரணி மேல்மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு படித்துக்கொண்டிருந்தாள். மழை தூறிக்கொண்டிருந்தது. நான் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது அழைப்பு மணி அடித்தது.

கதவைத் திறந்தேன். ஒரு மனிதன் நின்றான். கறுப்பு மழைச்சட்டை, கழுத்தில் ஏதோ அட்டை, கையில் தொலைபேசி மாதிரி ஒரு சின்னக் கருவி. ஒழுங்கை மாதிரி ஒடுங்கிய எங்கள் தெருவில் அவனுடைய வாகனம் இயந்திரம் ஓடியபடியே நின்றது. உள்ளே இன்னொருவன் இருந்தான், எங்கள் வீட்டையே பார்த்தபடி.

வந்தவன் கருவியைப் பார்த்து, ஆரணியின் முழுப்பெயரையும் ஒவ்வொரு எழுத்தாகக் கஷ்டப்பட்டு வாசித்தான். மரியாதையாகத்தான் கேட்டான், இவர் இங்கேதான் இருக்கிறாரா என்று.

"நோ" என்றேன்.

சுருக்கமாக, உடனே. ஒரு இடைவெளியும் விடவில்லை.

அவன் வீட்டு இலக்கத்தை நிமிர்ந்து பார்த்தான். திரும்பவும் பெயரைச் சொன்னான். அப்படி ஒருவரும் இந்த வீட்டில் இல்லை, முன்பும் இருந்ததில்லை என்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன். என் வாழ்நாளில் அவ்வளவு திருத்தமான ஆங்கிலம் நான் கதைத்ததில்லை. அவன் தோளைக் குலுக்கிவிட்டுப் போனான். வாகனம் திரும்பும் வரை கதவிடுக்கால் பார்த்துக்கொண்டு நின்றேன். அதன் பின்பக்கத்தில் பொதிகள் கொண்டுவரும் கம்பனியின் பெயர் பெரிதாக எழுதியிருந்ததை அது தெரு முடக்கால் மறைந்த பிறகுதான் வாசித்தேன் என்று சொல்ல வேண்டும். கண்ணுக்கு முன்னால் இருந்தபோது அது தெரியவில்லை.

சப்பாத்துக்கூடப் போடாமல் வெளியே ஓடினேன். தெருவில் ஒருவரும் இல்லை.

திரும்பி வந்தபோது ஆரணி படியில் நின்றாள். கையில் தொலைபேசி. அதில் வந்திருந்த செய்தியை என்னிடம் நீட்டினாள். முகவரியில் அப்படி ஒருவரும் இல்லை, பொதி திருப்பி எடுத்துச் செல்லப்பட்டது.

என் கால் நனைந்து தரையெல்லாம் ஈரம். அவள் கோபிப்பாள் என்று நின்றேன், சிரிப்பாள் என்றும் நின்றேன். அவள் இறங்கி வந்து, துவாய் ஒன்றை எடுத்து என் கையில் தந்தாள்.

"பரவாயில்லை, அப்பா" என்றாள். "நாளைக்குத் திரும்பவும் வருவினம்."